மேகசின் வெளியே, தோட்டா உள்ளே: குலசேகரம் அருகே ஒரு கைத்துப்பாக்கி வெடித்த நிகழ்வு ஆய்வு

2024 மார்ச் மாதக் கடைசி, கன்னியாகுமரி மாவட்டம். நாடாளுமன்றத் தேர்தலோடு விளவங்கோடு சட்டமன்ற இடைத்தேர்தலும் ஏப்ரல் 19 அன்றே என்று அறிவித்துவிட்டதால் எங்கள் பக்கத்தில் கெடுபிடி சற்றுக் கூடுதலாகவே இருந்தது. உரிமம் பெற்ற துப்பாக்கி வைத்திருப்பவர்கள் காவல் நிலையத்தில் ஒப்படைத்து ரசீது வாங்கிக்கொள்ள வேண்டும் என்பது ஒவ்வொரு தேர்தலுக்கும் வரும் வழக்கம். அப்படி ஒப்படைக்கப் புறப்பட்ட ஒரு துப்பாக்கிதான், வீட்டை விட்டு இறங்குவதற்குள் வெடித்தது.

வெடித்தது பழைய சுபேதார் ஒருவரின் கையில். வயது 71. காலாட்படையில் 28 வருடம் இருந்தவர். நான் ராணுவத்தின் ஈ.எம்.ஈ. பிரிவில் ஆர்மரர், அதாவது ஆயுதங்களைப் பழுதுபார்ப்பவன். அவருடைய பட்டாலியனில் 1990-களில் சில வருடங்கள் இணைப்பில் இருந்தேன். இருவருக்கும் ஒரே தாலுகா என்பது அங்கே போன பிறகுதான் தெரிந்தது. ஓய்வுபெற்றும் அவரை ‘சாப்’ என்றுதான் கூப்பிடுகிறேன். அவர் என்னை ‘மக்களே’ என்பார். இதை எழுதலாமா என்று கேட்டபோது, “பெயர் போடாமல் எழுதிக்கொள்” என்றார். உள்ளேயிருந்து மயினி, அதாவது சாப்பின் மனைவி, “பெயர் போட்டே எழுது, அப்போதாவது புத்தி வரட்டும்” என்றார். சாப் சொன்னபடி செய்கிறேன்.

நடந்தது

காலை 10 மணி 20 நிமிடத்துக்குத் தொலைபேசி வந்தது. “மக்களே, வெடித்துவிட்டது.” எது என்று நான் கேட்கவில்லை. “யாருக்காவது?” என்றேன். “யாருக்கும் இல்லை. நீ வா.” பைக்கில் ஐந்து நிமிடம். வழியெல்லாம் ரப்பர் மரங்கள் இலை உதிர்ந்து புதுத் தளிர் விட்டுக்கொண்டிருந்தன. பால்வெட்டு நின்றிருந்த நேரம், தோட்டத்தில் ஆளில்லை. சத்தம் கேட்டு ஓடிவந்தவர்கள் என்று இரண்டு பேர்தான் முற்றத்தில் நின்றார்கள். பட்டாசு என்று அவர்களிடம் சொல்லியாகிவிட்டதாம்.

முன்னறையில் சாப் பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். எதிரே ஸ்டூலின் மேல், விரித்த துண்டில், துப்பாக்கி. பக்கத்தில் மேகசின், அதில் ஏழு தோட்டாக்கள். அதற்குப் பக்கத்தில் உரிமப் புத்தகமும் ஆதார் நகலும் போட்ட பிளாஸ்டிக் உறை. ஸ்லைடு, அதாவது குழலின் மேல் முன்பின் நகரும் உறை, மூடியிருந்தது. தோட்டாவை வெடிக்கவைக்க அடிக்கும் ஹேமர் பின்னால் எழுந்து நின்றது.

முதலில் துப்பாக்கியைத்தான் எடுத்தேன். அந்த நேரத்தில் அவரோடு பேசுவது இரண்டாவது வேலை. குழலைத் திறந்த வாசல் வழியே முற்றத்து மண்மேட்டுக்குத் திருப்பி, ஸ்லைடை இழுத்துப் பிடித்து, சேம்பருக்குள், அதாவது சுடும் தோட்டா உட்காரும் குழியில், சுண்டுவிரலை விட்டுப் பார்த்தேன். காலி. மேகசின் வெளியே இருந்ததால் சுட்டபின் அடுத்த தோட்டா ஏற வழியில்லை. ஆனால் சாப்புக்கு அது தெரியாது. நான் வரும்வரை பத்து நிமிடம், உள்ளே இன்னொன்று இருக்கிறதா இல்லையா என்று தெரியாமல், ஹேமர் எழுந்த துப்பாக்கியைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருக்கிறார். தொடாமல் வைத்திருந்தாரே, அதுதான் அன்று அவர் செய்த ஒரே சரியான காரியம்.

வெற்றுத் தோட்டா நாற்காலிக்கடியில் கிடந்தது. குண்டைத் தேடினோம். நாற்காலியிலிருந்து 1.6 மீட்டர் தள்ளி, சிவப்பு ஆக்சைடு போட்ட தரையில், கட்டைவிரல் நகம் அளவுக்கு நீளவாக்கில் ஒரு சிராய்ப்பு. அதன் ஓரத்தில் செம்புப் பூச்சு மினுங்கியது. அங்கிருந்து 2.6 மீட்டரில் அயினிக் கட்டில். கட்டில் காலில், தரையிலிருந்து 9 சென்டிமீட்டர் உயரத்தில், ஓட்டை. அந்தக் கட்டிலில்தான் மயினி கால்களைத் தொங்கப்போட்டு, மடியில் முறத்தை வைத்து, முருங்கை இலை உருவிக்கொண்டிருந்தார். ஓட்டைக்கும் அவர் குதிகால் இருந்த இடத்துக்கும் நடுவே என் கையை வைத்துப் பார்த்தேன். ஒரு சாண் தேறவில்லை.

துப்பாக்கி

ஜெர்மனியின் வால்தர் பி.பி., 7.65 மி.மீ. நம் ஊரில் பாயிண்ட் 32 என்பார்கள். பட்டாளத்து 9 மி.மீ. இந்தியாவில் தனியாருக்குத் தடை செய்யப்பட்ட அளவு. பாயிண்ட் 32 அனுமதிக்கப்பட்டது. அதனால் இருபது முப்பது வருடம் 9 மி.மீ. தூக்கியவரும் ஓய்வுக்குப் பின் உரிமம் வாங்கினால் பாயிண்ட் 32-க்குத்தான் வந்து நிற்க வேண்டும். இந்த நிகழ்வின் வேர் இங்கேதான் இருக்கிறது என்பது என் கருத்து. சுடுவது நின்றுபோய் வருடக்கணக்கானாலும் கை பழைய துப்பாக்கியை மறப்பதில்லை.

வால்தர் பி.பி. 1929-இல் வந்தது. பெயரிலேயே போலீஸ் இருக்கிறது. எட்டுத் தோட்டா மேகசின். குழல் அசையாது, ஸ்லைடின் எடையும் ஸ்பிரிங்கின் விறைப்பும் மட்டுமே வெடிப்பைத் தாங்குகின்றன. அதனால் ஸ்பிரிங் கெட்டி. உருவம் சிறியதாக இருந்தும், பெரிய 9 மி.மீ.யைவிட இதன் ஸ்லைடை இழுப்பதுதான் சிரமம். கட்டைவிரல் மூட்டில் வாதம் பிடித்த 71 வயதுக் கைக்கு மேலும் சிரமம்.

ஒரு ஓய்வுபெற்ற அதிகாரியிடமிருந்து 1990-களின் கடைசியில் முறைப்படி பெயர் மாற்றி வாங்கியது. வெளிநாட்டுத் துப்பாக்கி இறக்குமதி 1980-களிலேயே நின்றுவிட்டதால் இந்த மாதிரிப் பழைய சாமானுக்கு ஒரு கிராக்கி உண்டு. எண்ணெய் போட்டு, துணி சுற்றி, பீரோவில் வைத்திருந்தார். பராமரிப்பில் ஒரு குறையும் சொல்ல முடியாது. பிறகு கழற்றிப் பார்த்தபோது ஒரு பாகத்திலும் தேய்மானமோ உடைப்போ இல்லை. துப்பாக்கி, தான் செய்ய வேண்டியதைச் செய்திருக்கிறது.

சேம்பருக்குள் தோட்டா எப்படிப் போனது? அந்தக் கேள்விக்கு அரை மணி நேரம் ஆயிற்று. முதலில் “நான் ஏற்றவே இல்லை” என்றார். மயினிதான் ஞாபகப்படுத்தினார். ஐப்பசி மழையில் ஒரு ராத்திரி, ரப்பர் ஷீட் காயப்போட்டிருந்த புகைப்புரையில் ஆள் நடமாட்டம் கேட்டு, சாப் துப்பாக்கியை எடுத்துக்கொண்டு இறங்கினார். இருட்டில் ஸ்லைடை இழுத்து ஏற்றினார். வந்தது நாய். திரும்பி வந்து சேஃப்டி லீவரைத் தட்டினார், ஹேமர் வெடிக்காமல் இறங்கியது, பீரோவில் வைத்தார். எட்டில் ஒன்று சேம்பரிலும் ஏழு மேகசினிலுமாக ஐந்து மாதம் அது அங்கேயே கிடந்தது.

கை சொன்ன நான்கு பொய்கள்

அன்று காலை அவர் செய்தது என்ன என்று, காலித் துப்பாக்கியைக் கையில் கொடுத்து, மெதுவாகத் திரும்பச் செய்துகாட்டச் சொன்னேன். வாயால் சொல்லச் சொன்னால் ஆள் தன்னைக் காப்பாற்றிக்கொள்வான். கை அப்படிச் செய்யாது.

துணியை விலக்கினார். ஹேமரைப் பார்த்தார். இறங்கியிருந்தது. மேகசினை உருவினார். கட்டைவிரலால் சேஃப்டியை மேலே தள்ளினார். ஸ்லைடில் கை வைத்தார், எடுத்துவிட்டார். குழலைத் தரைப்பக்கம் சாய்த்தார். ட்ரிகரை அழுத்தினார்.

இந்தக் கைவரிசை முழுவதும் எனக்குப் பழக்கமானது. நம் தரைப்படையின் 9 மி.மீ. 1ஏ கைத்துப்பாக்கியின் வரிசை அது. இஷாப்பூர் ரைஃபிள் தொழிற்சாலையில் செய்வது. அதன் மூலம், இரண்டாம் உலகப் போரில் கனடாவின் இங்லிஸ் கம்பெனி செய்த பிரௌனிங் ஹை-பவர். பதின்மூன்று தோட்டா மேகசின். கோத்தில், அதாவது ஆயுத அறையில், நூற்றுக்கணக்கில் அதைக் கழற்றி மாட்டியிருக்கிறேன். இன்றும் கண்ணை மூடிக்கொண்டு செய்வேன். அந்தத் துப்பாக்கிக்கு உண்மையான நான்கு சங்கதிகள் வால்தருக்குப் பொய்.

ஹேமரை எடுத்துக்கொள்வோம். 1ஏ ‘சிங்கிள் ஆக்ஷன்’. ஹேமர் பின்னால் நின்றால்தான் ட்ரிகர் வேலை செய்யும். ஹேமர் இறங்கியிருந்தால் அது தூங்கும் துப்பாக்கி. பட்டாளத்தில் முதல் வாரத்திலேயே கண் இதைப் படித்துக்கொள்கிறது. வால்தரோ ‘டபுள் ஆக்ஷன்’. ட்ரிகரின் நீண்ட இழுப்பே ஹேமரைத் தூக்கி அடித்துவிடும். தோட்டா ஏற்றி, ஹேமரை இறக்கி, அப்படியே இடுப்பில் வைத்துக்கொள்ளலாம் என்பதுதான் அதன் பெருமையே. அங்கே ஹேமர் இறங்கியிருப்பதால் எதுவும் தெரிந்துவிடாது.

அடுத்தது சேஃப்டி. 1ஏ-யில் லீவரை மேலே தள்ளினால் பூட்டு. கீழே தள்ளினால் சுடத் தயார். வால்தரில் நேர் எதிர். கீழே இருந்தால் பூட்டு. மேலே போனால் ஒரு சிவப்புப் புள்ளி தெரியும், சுடத் தயார். ஐந்து மாதமாகப் பூட்டியிருந்த துப்பாக்கியை, பூட்டுவதாக நினைத்து சாப் அந்த நொடியில்தான் திறந்திருக்கிறார். இந்த இடத்தில் அவரை நிறுத்தி, “சாப், இந்தச் சிவப்புப் புள்ளி தெரிகிறதா?” என்றேன். கண்ணாடியை ஏற்றிக்கொண்டு குனிந்து பார்த்தார். கொஞ்ச நேரம் பேசவில்லை.

மேகசின் விஷயம் இன்னும் ஆழம். ஹை-பவர் குடும்பத்தில் மேகசினை உருவிவிட்டால் ட்ரிகர் செத்துவிடும். ட்ரிகருக்குள் ஒரு சிறிய முளை. மேகசினின் முன்முகம் அதை அழுத்திக்கொண்டிருக்கும்வரை, ட்ரிகர் லீவர் ஸ்லைடிலுள்ள நெம்புகோலுக்கு அடியில் சரியாக நிற்கும். மேகசின் போனதும் முளை பின்னே வரும், லீவர் விலகும், ட்ரிகரை எவ்வளவு அழுத்தினாலும் வெறும் காற்று. முதல் உலகப் போருக்குப் பின் பிரெஞ்சு ராணுவம் கேட்ட கைத்துப்பாக்கியின் நிபந்தனைகளில் இதுவும் ஒன்று. அதை வடிவமைக்கத் தொடங்கிய பிரௌனிங் 1926-இல் பெல்ஜியத்தில் இறந்துபோக, அவருடைய உதவியாளர் செவ் அதை முடித்தார், 1935-இல் வெளிவந்தது. கேட்ட பிரெஞ்சுக்காரர்கள் கடைசியில் வேறொன்றை எடுத்துக்கொண்டார்கள். அவர்கள் கேட்ட முளை மட்டும் உலகம் சுற்றி, இஷாப்பூர் வழியாக எங்கள் சாப்பின் விரலுக்குள் வந்து உட்கார்ந்துவிட்டது. மேகசின் கையில் இருக்கிறது, ஆகவே ட்ரிகர் வேலை செய்யாது: இருபத்தெட்டு வருடம் உண்மையாக இருந்த ஒன்றை அவர் எப்படிச் சந்தேகிப்பார்? வால்தர் பி.பி.யில் அந்த முளை இல்லை.

நான்காவது, ட்ரிகரை அழுத்தியதே. “எதற்கு அழுத்தினீர்கள்?” என்று கேட்டதற்கு, “அழுத்தித்தானே முடிப்போம்” என்றார். உண்மைதான். ‘காலி கர்’, அதாவது துப்பாக்கியைக் காலி செய், என்ற கட்டளையின் கடைசி அடி அது. ஸ்லைடை இழுத்துக் காலியென்று பார்த்ததும் ஹேமர் எழுந்து நிற்கும். அதை இறக்க ட்ரிகரை அழுத்த வேண்டும். மேகசின் இல்லாமல் ட்ரிகர் வேலை செய்யாதே, அதனால் காலி மேகசினைச் செருகி, அழுத்தி, மறுபடி உருவ வேண்டும். பாதுகாப்புக்காக வைத்த முளையே, காலி செய்யும்போது மேகசினைத் திரும்பச் செருக வைக்கிறது. செருகும் மேகசின் காலிதானா என்பது இன்னொரு கண்டம். ஆர்மரர்கள் இந்த முளையை ஒருமனதாக நேசித்ததில்லை.

சாப்பின் கை காலப்போக்கில் நடு அடிகளை உதிர்த்துவிட்டு, முதலையும் கடைசியையும் மட்டும் வைத்துக்கொண்டது. ஸ்லைடை இழுப்பது வலித்தது, விட்டுவிட்டார். அது ஒன்றைச் செய்திருந்தால் தோட்டா குதித்து வெளியே வந்திருக்கும். மற்ற மூன்று தவறும் தவறாகவே தெரிந்திருக்காது.

ஒரு சாட்சி அப்போதும் சொல்லிக்கொண்டுதான் இருந்தது. வால்தரின் ஸ்லைடின் பின்முனையில், ஹேமருக்கு மேலே, சேம்பரில் தோட்டா இருந்தால் ஒரு மெல்லிய ஊசி நீட்டிக்கொண்டு நிற்கும். இருட்டில் தடவிப் பார்த்தே தெரிந்துகொள்ளலாம். 1ஏ-யில் அப்படி ஒன்று கிடையாது. இருபத்தைந்து வருடம் கையில் வைத்திருந்த துப்பாக்கியில் அந்த ஊசி எதற்கு என்று சாப் கேட்டதே இல்லை. நானும் இரண்டு மூன்று முறை அந்த வீட்டில் அந்தத் துப்பாக்கிக்கு எண்ணெய் போட்டிருக்கிறேன். நானும் சொன்னதில்லை. பட்டாளத்துக்காரருக்குத் துப்பாக்கி சொல்லிக்கொடுப்பதா என்ற கூச்சம். இந்த ஆய்வில் என் பெயரையும் ஒரு ஓரத்தில் எழுதிக்கொள்ள வேண்டியதுதான்.

படைகளும் இதே குழியில்

ஒரு கிழவரின் ஞாபகப் பிசகு என்று இதை ஒதுக்க எனக்கு மனமில்லை. உலகின் பெரிய படைகள் துப்பாக்கி மாற்றியபோதெல்லாம் இதே குழியைத் தாண்டித்தான் வந்திருக்கின்றன.

அமெரிக்கப் படை 1911-ஆம் ஆண்டு மாதிரி பாயிண்ட் 45-ஐ எழுபது வருடத்துக்கு மேல் வைத்திருந்தது. அதில் சேஃப்டி மேலே போனால் பூட்டு. 1985-இல் இத்தாலியின் பெரெட்டாவை எம் 9 என்று எடுத்தார்கள். அதில் கீழே போனால் பூட்டு, கூடவே ஹேமரும் இறங்கும், வால்தரின் வழி. 2017 ஜனவரியில் சிக் சாவர் எம் 17 தேர்வாயிற்று. மறுபடி மேலே போனால் பூட்டு. நீண்ட காலம் பணியில் இருந்த ஒரு சார்ஜெண்ட்டின் கட்டைவிரல் எத்தனை முறை திசைமாற வேண்டும் என்று எண்ணிப் பாருங்கள். சாப்பின் கட்டைவிரலுக்கு நேர்ந்தது அவனுக்கும் நேரக்கூடியதே. அவனுக்குத் துப்பாக்கி மாற்றத்தோடு பயிற்சியும் தருகிறார்கள், அதுதான் வித்தியாசம்.

பிரிட்டிஷ் படை இதே பிரௌனிங்கைத்தான் வைத்திருந்தது. 1980 மே 5 அன்று லண்டன் ஈரான் தூதரகத்துக்குள் இறங்கிய எஸ்.ஏ.எஸ். என்ற பிரிட்டிஷ் சிறப்புப் படை வீரர்களின் இடுப்பில் இருந்ததும் அதுவே. சிறப்புப் படைக்காரனின் கண்ணில் அந்த மேகசின் முளை வேறு மாதிரித் தெரியும். மேகசின் மாற்றும் இரண்டு நொடியில் எதிரே ஆள் வந்தால், சேம்பரில் ஒரு தோட்டா இருந்தும் சுட முடியாது. மேகசினில் உரசுவதால் ட்ரிகரும் மணல் அரைப்பது போல இருக்கும். கோத்தில் பத்திரம் தேடுபவனுக்கு வரமாக இருப்பது, கதவை உடைத்து நுழைபவனுக்கு இடைஞ்சல். 2013 ஜனவரியில் பிரிட்டன் 25,000-க்கும் அதிகமான கிளாக் 17 கைத்துப்பாக்கிகளை வாங்குவதாக அறிவித்தது. சேம்பரில் தோட்டாவோடேயே இடுப்பில் வைக்கலாம், எடுத்த உடனே சுடலாம் என்பது அதற்குச் சொன்ன முக்கியக் காரணம்.

கிளாக் 1982-இல் ஆஸ்திரிய ராணுவத்துக்காக எடுக்கப்பட்டது. தட்டுவதற்கு சேஃப்டி லீவரே கிடையாது. ட்ரிகரில் ஒரு நாக்கு, உள்ளே இரண்டு தடுப்பு. விரல் அழுத்தாமல் வெடிக்காது, அழுத்தினால் வெடிக்கும். வெளியே நிற்கும் ஹேமரும் இல்லை, மேகசின் முளையும் இல்லை. கழற்ற வேண்டுமானால் முதலில் ட்ரிகரை அழுத்தியாக வேண்டும். துடைக்க உட்கார்ந்து சேம்பரைப் பார்க்காமல் அழுத்தியவர்கள் கதை உலகமெங்கும் உண்டு. எம் 17-ஐ ட்ரிகர் தொடாமலே பிரிக்கலாம்.

நம் நாட்டிலும் இந்த இரண்டு உலகமும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. பட்டாலியனில் 1ஏ. என்.எஸ்.ஜி. எனும் தேசியப் பாதுகாப்புப் படை போன்ற சிறப்புப் பிரிவுகளில் கிளாக். அந்தப் பிரிவின் தாக்குதல் அணிக்கு ஆட்கள் தரைப்படையிலிருந்தே போகிறார்கள். 1ஏ-யில் வளர்ந்த கை கிளாக்குக்குப் போகிறது. பணிக்காலம் முடிந்து மறுபடி 1ஏ-க்குத் திரும்புகிறது. போகும்போது கற்றுக்கொடுப்பதில் காட்டும் அக்கறையை, திரும்பும்போது பழையதை மறுபடி பழக்குவதிலும் காட்ட வேண்டும் என்பேன். “அவனுக்கு 1ஏ தெரியாதா?” என்று சிரித்த உஸ்தாதுகளை, அதாவது பயிற்சியாளர்களை, பார்த்திருக்கிறேன். தெரியும், அதுதான் சங்கடம்.

தரை

“தரையைப் பார்த்துத்தானே பிடித்தேன்” என்றார் சாப். மூன்று முறை சொன்னார். அது அவருக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது. அந்த ஆறுதலை நான் எடுத்துவிட வேண்டியதாயிற்று.

உட்கார்ந்தபடி, முழங்கால் உயரத்தில், சுமார் 45 சென்டிமீட்டரில் குழல் வாய். குண்டு தரையைத் தொட்டது 1.6 மீட்டர் தள்ளி. அப்படியானால் சாய்வு 16 டிகிரிக்குள். அவர் தரையைக் காட்டவில்லை. அறையின் நீளத்தைக் காட்டியிருக்கிறார். கெட்டித் தரையில் சாய்வாகப் படும் குண்டு, பந்து போல வந்த கோணத்திலேயே எழும்பாது. அதைவிடத் தாழ்ந்து, தரையை ஒட்டியே ஓடும். இங்கே 2.6 மீட்டர் ஓட்டத்தில் 9 சென்டிமீட்டர்தான் எழும்பியிருக்கிறது. கிட்டத்தட்ட 2 டிகிரி. அதாவது கணுக்கால் உயரம். தவழும் குழந்தை இருக்கும் வீடென்றால் மேற்கொண்டு யோசிக்கவே வேண்டாம். சாப்பின் பேரன் அந்த வாரம் மார்த்தாண்டத்தில் அவன் அம்மா வீட்டில் இருந்தான்.

குண்டை உளியால் குடைந்து எடுத்தோம். ஒரு பக்கம் தேய்த்துவிட்டது போலத் தட்டையாகியிருந்தது, அதில் செந்நிறப் பொடி. அயினி கெட்டியான மரம், இரண்டு விரல்கடைக்கு மேல் விடவில்லை.

படைமுகாமில் காவல் மாறும் இடத்தில் மணல் நிரப்பிய தொட்டியோ மணல் மூட்டைச் சுவரோ இருக்கும். குழல் வாய் அதற்குள்தான். வீட்டில் அதற்குச் செலவு ஒரு பெயிண்ட் வாளியும் ஆற்று மணலும். மணலுக்குள் குண்டு அரை முழம்கூடப் போகாது. கையில் மூட்டுவலி இருந்தால் ஸ்லைடை விரலால் கிள்ளி இழுக்கக் கூடாது. உள்ளங்கையால் மூடிப் பிடித்துக்கொண்டு, பிடியை முன்னே தள்ள வேண்டும். சாப்புக்கு அதைச் செய்து காட்டினேன். முதல் தடவையே வந்தது. “இதை இருபது வருடம் முன்பே சொல்லியிருக்கலாமே” என்றார். சொல்லியிருக்கலாம்தான்.

பிறகு

பட்டாசு என்ற கதையோடு விட்டுவிடலாமா என்று சாப்புக்கு ஒரு சபலம் இருந்தது. தோட்டாக் கணக்கு இடிக்கும் என்றேன். வாங்கிய ஒவ்வொரு தோட்டாவும் உரிமப் புத்தகத்தில் ஏறியிருக்கிறது, ஒப்படைக்கும்போது எண்ணுவார்கள். அன்று பிற்பகலே காவல் நிலையத்துக்குப் போய், நடந்ததை நடந்தபடி எழுதிக் கொடுத்தார். வெற்றுத் தோட்டாவையும் தட்டையான குண்டையும் ஒரு தாளில் மடித்துக் கொண்டுபோயிருந்தோம். வீட்டுக்கு ஆள் வந்து தரையையும் கட்டிலையும் பார்த்து, மயினியிடம் கேட்டு எழுதிக்கொண்டு, எச்சரித்து அனுப்பினார்கள். துப்பாக்கி உள்ளே போயிற்று, ரசீது வந்தது. வெளியே வந்து கட்டன் சாயா குடித்தோம். க்ளாஸைப் பிடித்திருந்த அவர் கை அப்போதுதான் நடுங்க ஆரம்பித்தது.

தேர்தல் முடிவு வந்து, ஜூன் இரண்டாவது வாரம் திருப்பி வாங்கப் போனோம். இடையில் இரண்டு மாதமாக இதைப் பற்றியேதான் பேசியிருந்தோம். சிவப்புப் புள்ளி, ஊசி, மேகசின் முளை எல்லாம் மனப்பாடம். என்னிடமே ஒருமுறை பாடம் எடுத்தார். நிலையத்துப் பின்கட்டில் ஒரு மணல் வாளியும் வைத்திருந்தார்கள். காவலர் துப்பாக்கியை எடுத்துக் கொடுத்தார். சாப் அதை வாங்கி, குழல் வாயை வாளிக்குள் வைத்து, ஊசியைத் தடவி, ஸ்லைடை உள்ளங்கையால் இழுத்து, சேம்பரில் விரல் விட்டுப் பார்த்தார். எல்லாம் ஒழுங்கு. ஸ்லைடை விட்டார். ஒரு பழைய திருப்தியோடு என்னைப் பார்த்துத் தலையை அசைத்தார். அப்போது அவருடைய கட்டைவிரல், அவரைக் கேட்காமலே, லீவரை மேலே தள்ளியது.

சிவப்புப் புள்ளி தெரிந்தது. அவரும் பார்த்தார். துப்பாக்கியை என் கையில் கொடுத்துவிட்டு, உரிமத்தைத் திருப்பிக்கொடுக்க எந்த அலுவலகத்தில் மனு எழுத வேண்டும் என்று காவலரிடம் கேட்டார்.